கடைசிப் பட்டன்

விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி முடித்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். தோளில் கிடக்கும் துண்டால் இருக்கையை ஒரு தட்டுத் தட்டி, "ஒக்காருங்க. ஒருக்கா படிச்சிப் பாத்துட்டு நீங்களே அமுத்துங்க" என்பார். பிறகு வெளியே போய், கடைப்படியில், சாலையைப் பார்த்தபடி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். உள்ளேயிருந்து "ஆச்சு" என்று குரல் வரும்வரை திரும்பமாட்டார்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவருடைய கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் அப்ளிகேஷன். கணினிகள் இரண்டு, அதில் ஒன்று மடிக்கணினி. வாசலில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு பலகை. அரசு வேலை அறிவிப்பு எது வந்தாலும் செய்தித்தாளிலிருந்து வெட்டி அதில் ஒட்டுவார். கடைசித் தேதியைச் சிவப்பு ஸ்கெட்சால் சுழிப்பார். ஊர் முழுக்க அவரைப் பாய் என்று கூப்பிட்டது. நான் அண்ணா என்றேன். நாற்பதை ஒட்டிய வயது, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. காதில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். அதை எடுத்து அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் ரயில் நிலைய அறிவிப்பைப் போல உரக்க வாசித்துத்தான் நிரப்புவார். "தகப்பனார் பேர். ஆதார்ல இருக்குற மாதிரி. இன்ஷியல் முன்னாடியா பின்னாடியா?" வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் முன்னால் நிற்பவரின் மச்சம் எங்கே இருக்கிறது என்பது வரை தெரிந்துவிடும். யாரும் வெட்கப்பட்டதில்லை. அடுத்து நம் மச்சத்தின் முறை.

ஒருவர் கடைசியாக எந்த வேலைக்கு விண்ணப்பித்தாரோ அதுதான் அந்தக் கடையில் அவருடைய பெயர். "வாங்க வி.ஏ.ஓ., அப்பாவுக்கு ஒடம்பு தேவலையா?" என்பார்; டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வருவார். "இன்னா ஃபாரஸ்ட்டு, ஆளே காணோம்?" என்பார், துணிக்கடையில் பில் போடுகிற பெண் சிரிப்பாள். விவரம் தெரியாமல் அந்தச் சந்தில் நுழைகிறவர், மாவட்ட நிர்வாகமே அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளக்கூடும். நான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, களமருதூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இளநிலை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். அன்றிலிருந்து நான் ஜே.ஏ.

அவர் ஏன் 'சமர்ப்பி' என்கிற அந்தக் கடைசிப் பட்டனை மட்டும் அமுக்கமாட்டார் என்பதற்கு ஊரில் உலவிய காரணங்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். மச்சானுக்கு அவசரத்தில் தேர்வு மையத்தை மாற்றி அமுக்கியதில், சேலத்தில் எழுத வேண்டிய மனிதர் மதுரையில் போய் எழுதினார் என்பது ஒன்று. தேறாத ஒருவன் வந்து, 'உன் கை ராசியில்லாத கை' என்று சண்டை போட்டான் என்பது இன்னொன்று. அடுத்தவருக்காக அமுக்குவது சட்டப்படி குற்றம் என்று எங்கோ படித்துவிட்டார் என்பது மூன்றாவது. எதற்கும் சாட்சி இல்லை என்பதால் நேரிலேயே கேட்டேன்.

"வெரல் ரேகை தேஞ்சிடும்மா" என்றார்.

வேறொரு நாள் கேட்டபோது, "நான் அமுத்தி, வேல எனுக்கு வந்துட்டா இன்னா பண்றது? கடைய யாரு பாத்துக்கறது?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கருணாபுரத்திலிருந்து ஒருவன் வருவான். காவலர் தேர்வைத் தவிர வேறு எதற்கும் படிக்காதவன், அதனால் போலீசு. விடிந்ததும் ஏரிக்கரையில் ஓடிவிட்டு, வேர்வை காயாத பனியனோடு கடைக்கு வந்து பலகையைப் பார்ப்பான். "சல்யூட் அடிக்காம உள்ள வரக் கூடாது" என்பார் பாய். அவனும் காலைத் தட்டி அடிப்பான். அவனுடைய அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர்.

காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்று நான் கடையில் இருந்தேன். சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. இணையதளம் காலையிலிருந்தே நகரவில்லை. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும். போலீசின் விண்ணப்பம் நிரம்பி முடிந்தபோது பிற்பகல் சாய்ந்துவிட்டது. பாய் எழுந்து, இருக்கையைத் தட்டினார். போலீசு உட்காரவில்லை.

"அம்மா பைபாஸ் பக்கத்துலதான் வேல செய்யுது பாய். அது வந்து பாக்கட்டும். அது கண்ணு முன்னாடி அமுத்தறேன்."

"நேரம் கம்மியா இருக்குது போலீசு."

"தோ, போன ஒடனே வந்துடுவேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அன்று அங்கே கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை கொட்டும்போது ஆள் நடுவில் கிளம்ப முடியாது. எங்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது. கடையில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பாய், அமுத்திடுங்க. அவனுக்குத்தான போட்டது" என்றார் வி.ஏ.ஓ.

"வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"வந்தா சொல்லிக்கலாம் பாய்."

அவர் உள்ளே வந்து, திரைக்கு முன்னால் நின்றார். பக்கம் காலாவதியாகிவிடாமல் இருக்க அவ்வப்போது மவுஸை மட்டும் அசைத்தார். விரல் அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அமுக்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் சிவப்பில் வந்த பிறகுதான் சைக்கிள் சத்தம் கேட்டது. முழங்கை வரை சிமெண்ட் காய்ந்த கையோடு அந்த அம்மா கேரியரிலிருந்து இறங்கி வந்து திரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "இன்னாடா எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

அவன் பாயைப் பார்த்து, "ஒரு வெரலு, பாய்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவனுக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது ஊருக்குள் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறான். வண்டியில் அந்தச் சந்து வழியாகத்தான் போவான், கடைப்பக்கம் திரும்பமாட்டான். அந்த வண்டிச் சத்தம் கேட்டால் பாயின் கை விசைப்பலகையில் நின்றுவிடும். சத்தம் தேய்ந்த பிறகு, "போலீசு போறாரு" என்று தனக்குச் சொல்லிக்கொள்வார்.

அன்று அவர் செய்தது தவறு என்றுதான் நான் நினைத்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் என் விண்ணப்பங்களை வேறு கடைக்குக் கொண்டுபோகவில்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அறிவிப்புகள் குறையத் தொடங்கின. எதனால் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்களுக்குப் பலகையைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. தாள்கள் வெயிலில் மஞ்சளாகிச் சுருண்டன. மேலே ஒட்டப் புதிது வரவில்லை. வந்தாலும் இடங்கள் கைவிரலில் அடங்கின. எழுதிய தேர்வுக்கு முடிவு வரவில்லை, முடிவு வந்த தேர்வுக்கு அடுத்த கட்டம் வரவில்லை. கடையில் யாருக்கும் புதுப் பெயர் கிடைக்கவில்லை. வி.ஏ.ஓ. வி.ஏ.ஓ.வாகவே இருந்தார். நானும் ஜே.ஏ.வாகவே இருந்தேன். விண்ணப்பம் போட ஆள் வராத பகல்களில், பாய் ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து துடைப்பார். மறுநாளும் துடைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் நான் மென்பொருள் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். என்னுடையது பேச மட்டுமே உதவும் பழைய போன் என்பதால் அவருடைய கணினியில்தான் எல்லாமும். வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். மகள் அரசு ஊழியர் ஆவாள் என்பதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

பாய் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இதுல அப்பா பேரே கேக்கல?"

"கேக்கமாட்டாங்கண்ணா."

"அப்ப நீ யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன வேலை தெரியும்னுதான் கேக்கறாங்க."

"சாதி, உயரம், மச்சம்?"

"ஒண்ணும் இல்ல."

"ஏமாத்துக் கம்பெனியா இருக்கப் போவுது" என்றார். அப்புறம், "இது இன்னா வேல?" என்று கேட்டார்.

"டெஸ்டிங். ஒரு சாஃப்ட்வேர் சரியா வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாக்கறது."

"அப்ப உன் பேரு டெஸ்டிங்கா? கூப்புடவே நல்லா இல்லியே. ஜே.ஏ.ன்னா ஒரு கெத்து இருந்துச்சி."

என்னுடைய ஒரு பக்க சுயவிவரம் அவருக்கு மனக்குறையாகவே இருந்தது. சான்றிதழ் எதையும் கேட்காத வேலை இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், எனக்கு உதவி செய்வதாக நினைத்து, அவர் கணினியில் ஏற்கெனவே இருந்த என் காகிதங்களை எல்லாம் அந்தச் சுயவிவரத்தோடு ஒரே கோப்பாகச் சேர்த்துவிட்டார். வந்து உட்கார்ந்து, படிக்கிற மாதிரி கண்ணை ஓட்டிவிட்டு, நானே அமுக்கினேன். இணைப்பைத் திறந்து பார்க்கவில்லை. சோதித்துப் பார்க்கிற வேலைக்கான விண்ணப்பம் அது.

மறுநாள் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "ரெஸ்யூம் ஒரு பக்கம்தான் இருக்கு. அதுக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் என்னம்மா?"

நான் கடைக் கணினியில் கோப்பைத் திறந்து வரிசையாகப் படித்தேன். சாதிச் சான்றிதழ். முதல் பட்டதாரிச் சான்றிதழ். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். மாற்றுச் சான்றிதழ். நன்னடத்தைச் சான்றிதழ், பச்சை மையில் கையெழுத்தோடு.

மறுமுனையில் அந்தப் பெண் நன்றாகச் சிரித்தார். "நன்னடத்தை வரைக்கும் பாத்துட்டோம். நாளைக்குக் காலைல ஆன்லைன்ல இன்டர்வியூ, வந்துடுங்க."

பாயிடம் சொன்னேன். "நாளைக்கேவா?" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஹால் டிக்கெட்டு?"

நேர்காணல் அவருடைய கடையில்தான் நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கி, ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தி, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது என்று அதையும் அணைத்துவிட்டு, வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வருகிறவர்களிடம் அவர் தணிந்த குரலில், "உள்ள பரிச்ச நடந்துக்கினு இருக்குது" என்று சொல்வது கேள்விகளுக்கு நடுவே எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து தகவல் இல்லை. இதற்கிடையில் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்கெடுப்பு விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற தற்காலிக வேலை கிடைத்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அப்பா ஊரில் சொன்னது வேறு. "கவர்மெண்ட் ஆபீஸ்ல ஒக்காந்துடுச்சி. ஒருக்கா உள்ள பூந்துட்டா வெளிய அனுப்பமாட்டாங்க. அப்படியே பர்மனென்ட் பண்ணிடுவாங்க." அதை அவர் சொல்லும்போது முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்த்தபின் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு, வார இறுதியில் ஊருக்கு வந்துபோனேன்.

மலையில் என் போனில் பேச முடியும், அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால். இணையம் வராது. அலுவலக இணையமும் மழை பிடித்தால் அறுந்துவிடும். அப்படி அறுந்து கிடந்த ஒரு நாள், உச்சிவேளையில், தொட்டிப் பக்கம் போனபோது சென்னைப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது.

"ரெண்டு நாள் முன்னாடியே ஆஃபர் அனுப்பிட்டோமே, பாக்கலையா? இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அக்செப்ட் பண்ணலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்மா."

நான் பாய்க்கு போன் செய்தேன். என் மின்னஞ்சலைத் தொடங்கிக் கொடுத்தவரே அவர்தான். கடவுச்சொல் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். திறந்து பார்த்து, வழக்கம்போல உரக்க வாசித்தார். வேலையின் பெயர், இடம், சேர வேண்டிய நாள். கடையில் இருந்த எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

"கீழ ரெண்டு பட்டன் இருக்குதும்மா. ஒண்ணு ஏத்துக்கறேன், இன்னொண்ணு ஏத்துக்கல."

"மொதப் பட்டன்ணா. அமுத்திடுங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அண்ணா, இங்க நெட் இல்ல. அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். ப்ளீஸ்ணா, இந்த ஒருக்கா."

"வூட்ல சொல்லிட்டியா?"

"இல்ல."

"நான் அமுத்துனா, நாளைக்கு உங்க அப்பா கேக்கும்போது, அந்தக் கடைக்காரன் அமுத்திட்டான்னு சொல்லுவ. உனுக்கும் அது சௌகரியமாத்தான் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. "போலீசுக்குப் பண்ண மாதிரி எனக்கும் பண்ணாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

"ரெண்டு மணிக்கு அங்கருந்து பஸ் இருக்குது இல்ல? ஏறு. கச்சிராயபாளையத்துல எறங்கு. டீக்கடையாண்ட நிக்கிறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறினேன். பலாப்பழ மூட்டைகள், கடுக்காய்ச் சாக்குகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற இரண்டு மலையாளிப் பழங்குடிப் பெண்கள். தூறல். பாதி இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். ஆண்கள் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். நான் சன்னலோரம் உட்கார்ந்து, இப்போது என்னென்ன நடக்கக்கூடும் என்று மனதில் வரிசை போட்டேன். நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சேராமல் போகலாம். நான் வராததைப் பார்த்து அவரே அமுக்கிவிடலாம். இந்த மூன்றாவது நடந்தால் நன்றாக இருக்குமே என்று என் மனம் அதிலேயே போய்ப் போய் நின்றது. அவர் போனில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவர் அமுக்கிவிட்டால் அப்பாவிடம் நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது.

லாரி நகர்ந்தது. கச்சிராயபாளையத்தில் இறங்கியபோது ஐந்து மணியாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

டீக்கடைக்கு முன்னால் அவருடைய டி.வி.எஸ். வண்டி. அதன் இருக்கைமேல் மடிக்கணினி, அதன்மேல் கூடாரம் போலத் துண்டு. கடையைப் பூட்டிவிட்டு கள்ளக்குறிச்சியிலிருந்து நனைந்துகொண்டே வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பகல் நேரத்தில் அவர் கடையைப் பூட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணா, அமுத்தி..."

"நான் ஒண்ணும் அமுத்தல. நெட்டு வருது, என் போன்லருந்து. பாட்டரி கம்மியா இருக்குது, சீக்கிரம்."

டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்து, மடிக்கணினியை மடியில் வைத்தார். பெஞ்சு ஈரமாக இருந்தாலும் துண்டால் ஒரு தட்டுத் தட்ட மறக்கவில்லை. "ஒருக்கா படிச்சிப் பாத்துட்டு நீயே அமுத்து." சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். மழை அவர்மேல் பெய்துகொண்டிருந்தது.

நான் படித்தேன். இரண்டு பட்டன்களும் ஒரே அளவு. கரும்பு வெட்டுகிற ஆட்களிடம் "ஆபீஸ்ல இருக்குது என் பொண்ணு" என்று அப்பா சொல்லும் குரல் காதில் கேட்டது. ஒரு பட்டனை அமுக்கினேன்.

"ஆச்சு" என்றேன்.

பஸ் ஒன்று இடையில் போனது. அவர் கேட்டிருக்கமாட்டார் என்று இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் திரும்பாமல், "எது?" என்று கேட்டார்.

"மொதப் பட்டன்."

சாலையைக் கடந்து வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, "சரி, டெஸ்டிங், டீ குடிக்கிறியா?" என்றார்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். "லிஸ்ட்டுல பேரு வருமா?" என்று மட்டும் கேட்டார். அங்கே பட்டியல் எல்லாம் கிடையாது என்றேன். "லிஸ்ட்டே இல்லாம ஒரு வேலையா" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் நேராக பாய் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை வி.ஏ.ஓ. பின்பு எனக்கு நடித்தே காட்டினார்.

"இன்னா பாய், என் பொண்ணுக்கு நீதான் அமுத்தி வுட்டியா?"

"உங்க பொண்ணுதாண்ணே அமுத்துச்சி. நான் அந்தாண்ட நின்னு நனைஞ்சிக்கினு இருந்தேன். டீக்கடைக்காரரை வேணா கேட்டுப் பாருங்க."

"கவர்மெண்ட் ஆபீஸ வுட்டுட்டுப் போவுதே, நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேண்ணே. அது கேக்கல."

அப்பா கொஞ்ச நேரம் பலகையில் மஞ்சளாகிக் கிடந்த தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, "அது எந்த ஊருன்னாவது சொல்லு" என்று கேட்டு, சென்னையில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

போலீசுக்குப் பிறகு பாய் மாறிவிட்டார் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். அவருடைய விரல் மாறவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, பட்டனை ஆள் வருகிற வழிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அன்று பைபாஸ் பக்கம் இப்படி ஒருமுறை போயிருக்கலாமே என்று அவர் எப்போதாவது நினைத்தாரா என்று நான் கேட்டதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கடைக்குப் போனேன். இரண்டாவது கணினி இருந்த இடத்தில் குளிர்பானப் பெட்டி நின்றது. எல்லோரும் விண்ணப்பங்களைப் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். போடுவதற்கும் அதிகம் இல்லை. எங்கள் கம்பெனியில், விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு சொந்த ஊரில் இருந்துகொண்டே போன் வழியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"அந்த வேல இன்னும் இருக்குதா?" என்று குளிர்பானப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலில். பெயர்க் கட்டம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவருடைய முழுப்பெயரை அன்றுதான் கேட்டேன். ஊருக்கெல்லாம் உரக்க வாசித்தவர், தன்னுடையதை மெல்லச் சொன்னார்.

"முன் அனுபவம்?"

"இல்லன்னு போடு."

"அண்ணா, இந்த ஊருல பாதிப் பேருக்கு நீங்கதான் அப்ளிகேஷன் போட்டீங்க."

"டைப்பு அடிச்சேன். அது அனுபவமா?"

நான் அடிக்க வேண்டியதை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. கடைசிப் பக்கம் வந்தது. அவர் திரையைப் பார்க்காமல் வெளியே பார்த்தார்.

"கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன். நீயே அமுத்திடேம்மா."

அவருடைய தோளிலிருந்து துண்டை எடுத்தேன். எழுந்து, இருக்கையை ஒரு தட்டுத் தட்டினேன். "ஒருக்கா படிச்சிப் பாத்துட்டு நீங்களே அமுத்துங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து படியில் சாலையைப் பார்த்து நின்றேன்.

உள்ளே சத்தமே இல்லை. சந்தில் ஒரு பார்சல் வண்டி வந்தது. கடையைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தது.

"இன்னா ஜே.ஏ., நீ நின்னுக்கினு இருக்க?" என்றான் போலீசு. "உள்ள யாரு?"

"பாய்தான்."

"யாருக்குப் போடுறாரு?"

"அவருக்கு."

வண்டியை அணைத்தான். பார்சல் பையோடு வந்து என் பக்கத்தில், கடைக்கு முதுகைக் காட்டி நின்றான். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சர்வர் ஸ்லோவா?"

"சர்வர் நல்லாத்தான் இருக்கு."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு திரும்பாமலே, சுவரைப் பார்த்தபடி, குரலை உயர்த்தி, "பாய், டைம் முடிஞ்சிடப் போவுது" என்றான்.

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. "போலீசா?"

"ஆமா. சீக்கிரம் அமுத்துங்க. எனுக்கு டெலிவரி இருக்குது."

"ஆச்சு" என்ற குரல் வருவதற்கு நேரம் பிடித்தது. அதுவரை அவன் போகவில்லை.